பெண் பார்க்க வந்த நாளில் மவுஸுக்குப் பிடித்த பேய்

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒன்றின் மேல் ஒன்றாக, ரொம்ப அடக்கமாக. மவுஸ் மேசைமேல் தன்பாட்டுக்குக் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

ஆனாலும் திரையில் அம்புக்குறி நடந்துகொண்டிருந்தது.

இடமிருந்து வலமாகப் போனது. வலமிருந்து இடமாக வந்தது. நடுவில் கொஞ்சம் நின்று யோசித்தது. அக்கா கல்யாண ஆல்பத்தில் பந்திப் படம் ஒன்றின் மேல் போய் உட்கார்ந்து, தானாகவே க்ளிக் செய்து, இலையில் குனிந்திருந்த எங்கள் தாய்மாமாவைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டியது. மாமாவின் வாய் நிறைய லட்டு.

எதிரே நாற்காலிகளில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள். கேசரிக் கிண்ணங்களில் கரண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. என் தலையில் இருந்த மல்லிகை வாசத்தையும் நெய் வாசத்தையும் மின்விசிறி கலந்து கலந்து வீடு முழுக்க வீசிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, அது என்னங்க தானாப் போகுது?" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மவுஸைப் பார்த்தேன். மவுஸ் யாரையும் பார்க்கவில்லை.

இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதும் பத்தியில், பிரிண்டருக்குள் பல்லி குடும்பம் நடத்திய கதையைச் சில மாதம் முன்பு எழுதியதிலிருந்து, "உங்கள் கல்யாணக் கதையை எப்போது எழுதுவீர்கள்?" என்று வாசகிகள் சிலர் விடாமல் கேட்கிறார்கள். என் கல்யாணக் கதையும் மவுஸ் ரிப்பேர் கதையும் வேறு வேறு இல்லை. அதனால்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன். இப்போது எழுத ஒரு துணிச்சல் வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முகத்துக்கு முன்னால் பயோடேட்டா

திண்டுக்கல்லில் எங்கள் வீடு கரூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வேடசந்தூர் மில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் என் கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் என்று வடிவமைத்து அச்சகங்களுக்குக் கொடுப்பது என் தொழில். ஊர்க்காரர்கள் கல்யாணமெல்லாம் என் கையால் நடந்தது. என் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை.

வந்த வரன்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கல்யாணத்துக்கப்புறம் இந்த வேலைய விட்டுரும்ல?" நான் விடமாட்டேன் என்பேன். அவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது. அச்சகத்து ஆட்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களில் அச்சடிக்கவேண்டிய மேட்டருடன் வைரஸும் வரும். ஒருமுறை ஒரு கல்யாண சீசன் வேலை மொத்தமும் அதில் போய்விட்டது. அழுது முடித்துவிட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறினேன். இலவசமாகக் கிடைக்கும், வைரஸ் தொல்லை குறைவு, கோளாறு வந்தால் நாமே உள்ளே இறங்கிப் பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும், வேறு யாருக்கும் தெரியாது.

இந்த நிலைமையில்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பயோடேட்டா வந்தது. பெயர் கார்த்தி. கோயம்புத்தூரில் வேலை. வேலை என்ன என்கிற இடத்தில், 'லினக்ஸ் சிஸ்டம் அட்மின்' என்று போட்டிருந்தது, அதாவது லினக்ஸ் கம்ப்யூட்டர்களை மேய்க்கிற வேலை.

நான் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே சரி என்றுவிட்டேன்.

"மூஞ்சியப் பாருடி மொதல்ல" என்றாள் அம்மா. பார்த்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்த வரன் கைநழுவிப் போனால் அப்புறம் எனக்கு யாருமே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். போன் செய்து பேசியதில்லை, நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் அப்படித்தான் இருந்தது.

ஒரே ஒரு பயம். கார்த்தியின் சின்ன வயதிலேயே அவர் அம்மா இறந்துவிட்டார். வளர்த்தது பெரியம்மா. பெரியம்மா சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. அவருக்குச் சகுனம் பார்ப்பதில் நம்பிக்கை அதிகம் என்று தரகர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டுப் போனார்.

நான் பார்த்த வைத்தியங்கள்

மவுஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதைச் சொல்லாமல் அந்த வாரக் கூத்தைச் சொல்ல முடியாது.

காந்திகிராமத்துப் பக்கம் படித்தபோது பந்து வைத்த மவுஸ்கள் சில மிச்சம் இருந்தன. அடியில் மூடியைத் திருகினால் ரப்பர் பந்து கையில் விழும். உள்ளே இருக்கும் உருளைகளில் அழுக்கு நூல் மாதிரிச் சுற்றியிருக்கும். நகத்தால் சுரண்டி எடுக்கவேண்டும். அந்த அழுக்கு உரிந்து வரும்போது கிடைக்கும் சுகத்தைப் புருவம் திருத்திக்கொள்ளும் பெண்களுக்குச் சொன்னால் புரியும்.

பிறகு சிவப்பு விளக்கு மவுஸ் வந்தது. வேடசந்தூரில் ஒரு நூற்பு மில்லின் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். "கர்சர் சண்டித்தனம் பண்ணுதும்மா" என்றார் அங்கிருந்தவர். திருப்பிப் பார்த்தால் விளக்கு இருக்கும் குழிக்குள் பஞ்சு. மில் பஞ்சு காற்றில் வந்து அங்கே ஒரு குட்டி மெத்தையே போட்டிருந்தது. ஊதினேன், சரியாகிவிட்டது. ஒரு ஊதலுக்கு எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வரும் அழைப்புகள் தனி ரகம். எல்லாப் பொருளுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம் அல்லவா? மவுஸுக்கு முகம் எது என்று தெரியாமல், விளக்கு எரியும் பக்கம்தான் முகம் என்று முடிவு செய்து, சரியாக அந்தக் கண்ணிலேயே பொட்டு வைத்துவிடுவார்கள். சந்தனம் காய்ந்து கெட்டியானதும் மவுஸ் குருடாகிவிடும். நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுப்பேன். பக்திக்கும் பங்கம் வராது.

இப்படி ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த எனக்கு, என் வீட்டு மவுஸ் தண்ணி காட்டியது.

எலுமிச்சம்பழம் கட்டிய மானிட்டர்

அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்த அந்த வாரத் தொடக்கத்தில் என்னுடைய வயர்லெஸ் மவுஸ் தொலைந்துபோனது. அக்கா தன் கைக்குழந்தையுடன் வந்திருந்தாள். இனியன் என்று பெயர், தவழும் வயது, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பான். வீட்டில் நாலு பொருள் இடம் மாறினால் ஐந்தாவதைத் தேடுவதற்குள் அலுத்துவிடும். மேசைக்கடியில் பார்த்தேன், அரிசி டிரம்முக்குள் பார்த்தேன். கிடைக்கவில்லை. அலமாரியில் கிடந்த பழைய வயர் மவுஸை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. ஒரு பத்திரிகையில் பிள்ளையார் படத்தைச் சரியாக நடுவில் வைக்கிறேன், அம்புக்குறி தானாக நகர்ந்து பிள்ளையாரைக் கொண்டுபோய் முகூர்த்த நேரத்தின் மேல் உட்கார வைக்கிறது.

பழைய மவுஸ் அல்லவா, அதன் கோளாறுதான் என்று நினைத்தேன். துடைத்தேன். அடியில் வெள்ளைக் காகிதம் வைத்தேன். வேறு ஓட்டையில் செருகினேன். அமைப்புகளுக்குள் போய் வேகத்தைக் குறைத்தேன். வேகம் குறைந்ததும் அம்புக்குறி அவசரமில்லாமல், நிதானமாகத் தானே நடந்தது.

காலையில் ஒழுங்காக இருக்கும். மத்தியானமானால் ஆட ஆரம்பிக்கும். அதனால் மத்தியான வோல்டேஜ்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்து எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காலிங் பெல்லைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்தாள். "கண்ணுபட்ருச்சுடி. ஊருல அம்புட்டுப் பேரு கல்யாணத்துக்கும் நீ பத்திரிகை அடிக்கிற, சும்மா இருப்பாளுகளா?" என்று மானிட்டரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டிவிட்டாள். நான் வேலை செய்யும்போது மிளகாய் என் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருக்கும்.

சபையில்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துவிட்டு, கம்ப்யூட்டரின் மேல் ஒரு பூப்போட்ட போர்வையைப் போட்டு மூடிவிட்டாள் அம்மா. "வந்துட்டுப் போறவரைக்கும் அதத் தொறக்கவே கூடாது" என்றாள். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது.

அவர்கள் சாப்பாடு முடிந்து சாவகாசமாக மத்தியானம் வந்தார்கள். கார்த்தி, பெரியம்மா, பெரியப்பா. கையில் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு, கதம்பப் பூ. எங்கள் பக்கத்தில் அம்மா, அக்கா, மாமா. எங்கள் மாமா அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வாராவாரம் போகிறவர். கார்த்தியை அவர் பார்த்த பார்வையில், எங்கே பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

இனியன் கூடத்து மூலையில் புடவைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டிலை ஒட்டியிருந்த நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்தார். தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கை சும்மா இருக்குமா? யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. அவர் கை தானாகக் கயிற்றைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நம் பெண்கள் அப்படித்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மாமா வாயைத் திறக்கும்வரை.

"எங்க மூத்த புள்ள கல்யாணத்த நீங்க பாக்கலையே! நம்ம மில்லு மண்டபத்துலதான் நடத்துனோம். ஏத்தா, அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டோவெல்லாம் இருக்குல்ல? போட்டுக் காமி!"

அம்மா மாமாவை முறைத்த முறைப்பு அவருக்குத் தைக்கவில்லை. அவரே எழுந்து போய்ப் போர்வையை உருவிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். நான் ஆல்பத்தைத் திறந்துவிட்டுக் கையை மடியில் வைத்தேன். அம்புக்குறி நடக்க ஆரம்பித்தது. லட்டு தின்னும் மாமா திரை முழுக்க நிறைந்தார்.

"அதுங்களா, அது... வோல்டேஜுங்க" என்றேன்.

"வோல்டேஜுல லைட்டுதானுங்க மினுங்கும். படத்தையெல்லாமா தேடி எடுத்துக் காட்டும்?" என்றார் பெரியம்மா. நியாயமான கேள்வி.

"இப்படி ஒரு வாரமா இருக்குதுங்களா?"

அக்கா பாவம், பொய் சொல்லத் தெரியாதவள். "ஆமா பெரியம்மா, மத்தியானத்துல மட்டும்தான் வரும்" என்றாள்.

பெரியம்மாவின் முகம் மாறிப்போனது. தொட்டிலை ஆட்டியபடியே பெரியப்பா பக்கம் சாய்ந்தார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. "உச்சி வேளையில வருதாமுங்க. ஊட்டுக்குள்ள என்னமோ இருக்குது. காப்பியக் குடிச்சுப்போட்டுக் கெளம்பலாமுங்க."

நான் ஆசைப்பட்டது, எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது, ஒரு பழைய மவுஸால் வாசலைத் தாண்டிப் போகப்போகிறது. கண்ணில் தண்ணீர் முட்டியது. மை கரைந்துவிடும் என்பதற்காக மட்டும் அடக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை பேசிய முதல் வார்த்தை

கார்த்தி அதுவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, எத்தன மவுஸ் கனெக்ட் ஆகியிருக்குதுன்னு பாத்தீங்களா?"

சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்கும் இடத்தில் இப்படி ஒரு கேள்வி! ஆனால் அதைக் கேட்டதும் எனக்குத் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. பார்க்கவில்லை. வாரம் முழுக்க அந்தப் பழைய மவுஸையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரித்தேனே தவிர, வேறு யாராவது இருக்கிறார்களா என்று வீட்டுக்குள் எட்டிப்பார்க்கவே இல்லை.

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். அம்மா "அடியே" என்று பல்லைக் கடித்தாள். பெண் பார்க்கும்போது பெண் இப்படி முதுகைக் காட்டித் திரும்பக் கூடாது. நான் திரும்பிவிட்டேன்.

லினக்ஸில் டெர்மினல் என்று ஒன்று உண்டு. கறுப்புத் திரை, கடுகு அளவு எழுத்து. அதில் நாம் கட்டளையை எழுத்தால் எழுதவேண்டும். எழுதினேன். கம்ப்யூட்டரில் இணைந்திருக்கும் மவுஸ், கீபோர்டு எல்லாவற்றின் பெயரும் வரிசையாக வந்தது.

மவுஸ் இரண்டு இருந்தன. ஒன்று வயர். இன்னொன்று வயர்லெஸ்.

தொலைந்துபோன மவுஸுக்கு நகம் அளவில் ஒரு ரிசீவர் உண்டு. அது கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் செருகியபடியே இருந்தது. மவுஸைத் தேடிய நான் அதைக் கழற்ற மறந்துவிட்டேன். லினக்ஸ் இரண்டு மவுஸையும் ஒரே மாதிரி நம்பும். இரண்டில் எது அசைந்தாலும் அம்புக்குறி அசையும். அப்படியானால் அந்த மவுஸ் இந்த வீட்டுக்குள்ளேயே, பக்கத்திலேயே எங்கோ அசைந்துகொண்டிருக்கிறது.

கார்த்தி எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "ரெண்டாவத மட்டும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார் மெதுவாக.

அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு மவுஸ் அசையும்போதெல்லாம் அதை எண்களாகத் திரையில் கொட்டச் சொல்லலாம். எழுதி, என்டர் தட்டினேன். எண்கள் ஆடி மாதத்து மழை மாதிரி விட்டு விட்டு இறங்கின.

அப்போது பெரியம்மா காப்பித் தம்ளரை எடுப்பதற்காகக் கயிற்றை விட்டார். எண்கள் நின்றன.

ஒரு வாய் குடித்தார். எண்கள் இல்லை.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தார். எண்கள் கொட்டின.

நான் தொட்டிலைப் பார்த்தேன். கார்த்தி தொட்டிலைப் பார்த்தார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பார்த்திருக்கக் கூடாது.

வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள்! முந்தானையை வாயில் வைத்துக் கடித்தேன். அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. இருமுவதுபோல ஒரு சத்தம் போட்டார். அது இருமல் இல்லை என்பது எனக்குத் தெரியும். பேய் பேய் என்று பயந்து எழுந்து போகத் துடிக்கிறவரே கயிற்றைப் பிடித்துப் பேயை ஆட்டிக்கொண்டிருக்கிறார்!

போ என்றால் போகும்

சிரிப்பு ஒரு பக்கம். இதை எப்படிச் சொல்வது என்ற கவலை ஒரு பக்கம்.

சொன்னால் என்ன ஆகும்? பக்கத்திலேயே மாமா இருக்கிறார். விஷயம் காதில் விழுந்தால் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அடுத்த சந்தைக்குள் அய்யலூர் முழுக்கத் தெரிந்துவிடும். சம்பந்தம் பேச வந்த இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் ஒரு பெரிய மனுஷியைப் பார்த்து, 'அது நீங்கள்தான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்லி இந்தக் கல்யாணம் நடந்தாலும், ஒவ்வொரு விசேஷத்திலும் அவரை வைத்து ஒரு சிரிப்பு நடக்கும். அவர் கார்த்தியை வளர்த்தவர்.

நான் கார்த்தியிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது மவுஸை முடக்கி வைக்கும் கட்டளையை எழுதினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையை அசைத்தார். என்டர் தட்டினேன்.

பெரியம்மா ஆட்டிக்கொண்டே இருந்தார். அம்புக்குறி அசையவில்லை. டெர்மினலுக்குப் பின்னால் லட்டுடன் மாமா மட்டும் உறைந்துபோய் நின்றார்.

"நின்னுருச்சு!" என்றாள் அம்மா.

பெரியம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "என்ன கண்ணு பண்ணுனே?"

எனக்கு முன் கார்த்தி பதில் சொல்லிவிட்டார். "போன்னு எழுதுனாங்க பெரியம்மா. போயிருச்சு."

அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சின்னஞ்சிறுசுக, மாடியில போயிச் செத்த நேரம் தனியாப் பேசிட்டு வரட்டுமே" என்றார். "அதெல்லாம் எங்க பக்கம் பழக்கமில்லீங்க" என்று பெரியம்மா ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

கார்த்தி என் பக்கமாகக் குனிந்தார். பிறகு, "ஒரு நிமிசம், கீபோர்டத் தாங்க" என்றார். எல்லோரும் இன்னும் ஏதோ ரிப்பேர் பாக்கி இருக்கிறது என்று நினைத்தார்கள். அந்தக் கறுப்புத் திரையில், கடுகு எழுத்தில், இங்கிலீஷ் எழுத்தால் தமிழை அடித்தார்: பிடிச்சிருக்கா?

என்டர் தட்டினார். டெர்மினல் முறைப்படி பதில் சொன்னது. அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது.

நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். அடித்தேன்: ரொம்ப.

அப்படியும் ஒரு கட்டளை கிடையாது என்றது.

"என்னாச்சு தம்பி, இன்னும் சரியாகலையா?" என்று மாமா கேட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அந்த எழுத்து தெரியாது.

"ஆயிடுச்சுங்க. எல்லாமே சரியாயிடுச்சுங்க" என்றார் கார்த்தி.

ஆனால் சரியாகவில்லை. கிளம்பும்போது பெரியம்மா தொட்டிலுக்குள் குனிந்து இனியனைத் தூக்கி முத்தம் கொடுத்தார். மறுபடி படுக்க வைத்தார். பிறகு எல்லோரும் சொல்லும் அதே வார்த்தையைச் சொன்னார். "ஊட்டுக்குப் போயிச் சொல்லி உடறோமுங்க." போகும்போது அவர் சிரிக்கவில்லை.

அவர்கள் கார் திரும்பியதும் நான் தொட்டிலுக்குள் கையை விட்டேன். இனியனின் காலடியில், புடவை மடிப்புக்குள் கிடந்தது அவன் கையோடு கொண்டுபோயிருந்த மவுஸ். அவன் புரண்டு மேலே படுத்தபோதெல்லாம் க்ளிக் விழுந்திருக்கிறது. மத்தியானத் தூக்கத்துக்கு ஆட்டியபோதெல்லாம் அம்புக்குறி ஆடியிருக்கிறது. வோல்டேஜாம், எர்த்தாம்!

பிறகு காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். பெரியம்மா பயந்துவிட்டார், அவ்வளவுதான் என்று அம்மா தினமும் சொன்னாள். நான் போனைப் பார்த்துப் பார்த்து அதன் கண்ணாடியே தேய்ந்துபோனது. ஒரு காலையில் தரகர் போன் செய்தார். பெரியம்மா சம்மதம் சொல்லிவிட்டார் என்றார். நான் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்த கரண்டியோடு தெருவரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

கார்த்தி பேசிப் பேசிப் பெரியம்மாவின் மனதை மாற்றியிருப்பார் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம், ஒட்டன்சத்திரத்தில்

இந்தப் பத்திரிகையைப் பெரியம்மா ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவர். அவருக்குத் தெரியாமல் இதை எழுத முடியாது. தெரிந்து எழுதவும் பயம். போன வாரம் ஊருக்குப் போனபோது, அவர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். "பெரியம்மா, நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அந்த மவுஸ்..."

அவர் தலை நிமிரவில்லை. "தொட்டில்ல இருந்துச்சே, அதச் சொல்றியா?" என்றார்.

நான் கையில் எடுத்திருந்த முருங்கைக்காயைக் கீழே போட்டுவிட்டேன்.

"கொழந்தையத் தூக்கறப்பவே கையில தட்டுப்பட்டுது கண்ணு. அடியில செகப்பா லைட்டு எரிஞ்சுட்டுக் கெடந்துது. ஆட்டுனது நானுன்னு அப்பவே வெளங்கிப்போச்சு. இருந்த எடத்துலயே வெச்சுப்போட்டு வந்துட்டேன்."

"எல்லாம் தெரிஞ்சுமா..."

"நீங்க ரெண்டு பேரும் திரையப் பாத்ததும், என்னயப் பாத்ததும், சிரிப்ப முழுங்குனதும் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? கார்ல வரும்போது அதையேதான் நெனச்சுட்டு வந்தேன். அத்தன பேரு இருந்த சபையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ற மானம் என்னத்துக்காகும்? அந்தப் புள்ள சொல்லலியேன்னு நெனச்சேன். உங்க குடும்பத்தப் பத்தி வேற எடத்துல விசாரிக்க வேண்டியது ஒண்ணு ரெண்டு இருந்துச்சு, அதுக்காவத்தான் நாலு நாளு ஆச்சு. மத்தபடி கார்த்தி வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணிப்போட்டேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. "அப்ப இத்தனை வருஷமா எங்கிட்ட ஏன் பெரியம்மா சொல்லல?"

அவர் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ எனக்காவ மூடி வெச்சது கண்ணு அது. அத நானே தொறந்தா நல்லாவா இருக்கும்? பத்திரிகையில எழுதறதுன்னா நீயே தொறந்து எழுதிக்கோ."

சத்தம் கேட்டுக் கார்த்தி உள்ளே வந்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்றார் கார்த்தி.

"ஒண்ணுமில்லை" என்றோம் இருவரும்.